நியமன உத்தரவும் முன்னடத்தை விசாரணையும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் தறிக்குழியில் உட்கார்ந்தோ குச்சிக்கிழங்குக் காட்டில் நின்றோ பிழைக்கும் குடும்பங்களில், இன்று ஒரு பிள்ளையாவது வெளி உத்தியோகத்தை நாடிப் படித்துக்கொண்டிருப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். இளம்பிள்ளையிலோ ஜலகண்டாபுரத்திலோ நெசவுக் குடும்பத்துப் பையன் போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் ஓடிப் பழகுகிறான். ராசிபுரத்துப் பக்கம் கிழங்கு பயிரிடுபவரின் மகள் ரயில்வேக்கும் பாங்கிக்கும் விண்ணப்பம் போடுகிறாள். எழுத்துத் தேர்வு, உடற்தகுதி, சான்றிதழ் பரிசீலனை எல்லாம் கடந்து நியமன உத்தரவு கைக்கு வந்த அன்று, வேலை கிடைத்துவிட்டதென்றே வீட்டாரும் ஊராரும் எண்ணுகிறார்கள். அவ்வுத்தரவின் அடிப்பகுதியில், இந்நியமனம் முன்னடத்தை விசாரணையின் முடிவுக்கு உட்பட்டது என்னும் பொருள்பட ஒரு வாசகம் இருக்கும். அதை நின்று படிப்பவர் சிலரே. அவ்வாசகத்தின் சட்டப் பொருள் யாது, அதற்கு உட்பட்டு வேலையில் சேரும் இளைஞருக்கு உள்ள உரிமைகள் யாவை, அவர் செய்யத் தகாத தவறு எது என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

முதலாவதாக, நிபந்தனையோடு கூடிய நியமனம் என்பது முழு நியமனம் ஆகாது. எதிர்காலத்தில் ஒரு சம்பவம் நிகழ்ந்தால்தான் பலிக்கும் என்னும் ஒப்பந்தத்தை 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் ஒப்புக்கொள்ளுகிறது. விசாரணை திருப்திகரமாக முடிதல் என்பதே இங்கு அச்சம்பவம். சர்க்கார் உத்தியோகத்தைப் பொறுத்தவரை, தேர்வுப் பட்டியலில் பெயர் இடம்பெற்றதனால் மட்டும் ஒருவருக்கு அழிக்கமுடியாத உரிமை பிறந்துவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1991-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அதே தீர்ப்பு, சர்க்கார் தன் மனம்போனபடி பெயரை விலக்கிவிடவும் கூடாது, தக்க காரணம் இருத்தல் வேண்டும் என்றும் கூறியது. உத்தரவு வந்தவர் முழு உரிமையாளர் அல்லர். உரிமையே இல்லாதவரும் அல்லர். இவ்விரண்டுக்கும் இடையில் அவர் எங்கே நிற்கிறார் என்பதை, அவர் பூர்த்தி செய்து கொடுக்கும் ஒரு படிவமே பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

படிவத்தில் கேட்கப்படுவன

மத்திய சர்க்கார் வேலைகளுக்குரிய அத்தாட்சிப் படிவத்தில், நீர் எப்போதேனும் கைது செய்யப்பட்டீரா, உம்மீது வழக்குத் தொடரப்பட்டதா, காவலில் வைக்கப்பட்டீரா, ஜாமீன் பிணை எழுதி வாங்கப்பட்டதா, அபராதம் விதிக்கப்பட்டதா, தண்டனை அடைந்தீரா, வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா எனத் தனித்தனியே கேள்விகள் இருக்கின்றன. பொய்த் தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்புக்குக் காரணமாகும் என்னும் எச்சரிக்கையும் படிவத்தின் தலையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. படிவத்தைக் கொடுத்த பின்னர் வழக்கு ஏதேனும் வந்தால் அதையும் உடனே எழுதித் தெரிவித்தல் வேண்டும்.

இக்கேள்விகளை அவசரமாகப் படிக்கும் இளைஞர், எல்லாவற்றிற்கும் "இல்லை" என்று எழுதிவிடுகிறார். அது எப்படி நேருகிறது என்பதற்கு ஒரு கற்பனை உதாரணம் சொல்லுவோம். மாரியம்மன் பண்டிகையில் இரு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு. இருபது வயதுப் பையன் ஒருவனின் பெயரும் புகாரில் சேர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் பேசி ராஜி செய்துவைக்கிறார்கள்; நீதிமன்றமும் ராஜியை ஏற்று விடுதலை செய்கிறது. மூன்று வருஷம் கழித்து அவன் தேர்வில் வெற்றி பெறுகிறான். "வழக்குத்தான் முடிந்துவிட்டதே, எதற்காக எழுதவேண்டும்?" என்று மாமாவோ சிநேகிதரோ யோசனை சொல்லுகிறார். பையனும் "இல்லை" என்று எழுதுகிறான். பிறகு போலீஸ் நிலையத்திலிருந்து போகும் அறிக்கையில் வழக்கு எண்ணும் வருஷமும் இருக்கின்றன. அக்கைகலப்பைக் காட்டி மட்டும் அவன் வேலையை ரத்துச் செய்வது ஒருவேளை எளிதாக இருந்திராது. "இல்லை" என்று எழுதிய ஒரு சொல் அதனை எளிதாக்கிவிட்டது.

2016-ஆம் வருஷத்துத் தீர்ப்பு

இவ்விஷயத்தில் நீதிமன்றங்கள் நெடுநாள் ஒரே குரலில் பேசவில்லை. மறைத்தது மறைத்ததுதான் என்று சில அமர்வுகளும், வயதையும் குற்றத்தின் சிறுமையையும் பார்க்கவேண்டும் என்று வேறு சில அமர்வுகளும் கூறிவந்தன. 2011-இல் டில்லி போலீசில் ஹெட் கான்ஸ்டேபிள் வேலைக்குத் தேர்வான ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. சுமார் 20 வயதில் அவர்மீது அடிதடி வழக்கு ஒன்று இருந்து ராஜியில் முடிந்திருந்தது. விண்ணப்பத்தில் அதை அவர் குறிப்பிடவில்லை. இளமையில் செய்த சிறு பிழைக்காக ஒருவரை ஆயுள் முழுவதும் குற்றவாளி என்று முத்திரையிடுதல் தகாது என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. பசிக்கு ரொட்டி திருடி வாழ்நாளெல்லாம் திருடன் என்ற பெயரோடு அலைந்த விக்டர் ஹியூகோவின் கதாநாயகனை அத்தீர்ப்பு நினைவூட்டுகிறது. அந்நாவலைச் சுத்தானந்த பாரதியார் "ஏழை படும் பாடு" என்று தமிழாக்கினார். 1950-இல் அது நாகையா நடித்த படமாகவும் வந்தது. நம் பெரியவர்களுக்கு அக்கதை புதிதன்று.

மாறுபட்ட தீர்ப்புகளையெல்லாம் ஒருங்கே வைத்து ஆராய்ந்து, 2016 ஜூலை 21-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அடங்கிய அமர்வு அவதார் சிங் வழக்கில் தெளிவான நெறிகளை வகுத்தது. அதற்குப் பின்னர் வந்த தீர்ப்புகள் பெரும்பாலும் இதனையே அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தண்டனை, விடுதலை, கைது, நிலுவை வழக்கு ஆகியவற்றைப்பற்றித் தரும் தகவல் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பது முதல் நெறி. மறைத்தது தெரியவந்தாலும், எடுத்த எடுப்பில் வேலையை ரத்துச் செய்வதே ஒரே வழி என்று அதிகாரி கருதக்கூடாது. இளவயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயமாக, முன்பே சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தடையாகாத ஒன்றாக இருந்தால், அந்தப் பிழையை அவர் பொறுத்துக்கொள்ளலாம். அற்பமல்லாத குற்றத்தில் தண்டனை அடைந்து அதை மறைத்திருந்தால் ரத்துச் செய்யலாம். கொடிய குற்றத்திலோ ஒழுக்கக் கேடான குற்றத்திலோ நுணுக்கக் காரணத்தால் அல்லது சந்தேகத்தின் பலனால் விடுதலையாகியிருந்தால், எல்லாவற்றையும் சீர்தூக்கி முடிவு செய்யலாம். பல வழக்குகள் நிலுவையில் இருக்க வேண்டுமென்றே மறைத்தால், அம்மறைப்பே போதிய காரணமாகும்.

உண்மையைச் சொல்லிவிட்டால் வேலை நிச்சயம் என்றும் எண்ணிவிடலாகாது. முடிந்துபோன வழக்கை ஒருவர் ஒளிக்காமல் எழுதினாலும், அவருடைய முன்னடத்தையை ஆராயும் உரிமை அதிகாரிக்கு உண்டு. நியமித்தே தீரவேண்டுமென்று அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. அற்ப வழக்கு நிலுவையில் இருப்பதை ஒளிக்காமல் எழுதியவரை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டு வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். உண்மை சொன்னவருக்குக் கிடைப்பது நியாயமாகப் பரிசீலிக்கப்படும் உரிமை. மறைத்தவர் அவ்வுரிமையின் பெரும்பகுதியைத் தாமே கைவிட்டவர் ஆகிறார்.

மனுதாரருக்கு மிகப் பயன்படும் நெறிகள் தீர்ப்பின் இறுதியில் இருக்கின்றன. படிவத்தின் கேள்வி தெளிவாக இருத்தல் வேண்டும். மயக்கமான கேள்வியை வைத்துக்கொண்டு மறைத்தார் என்று சொல்லக்கூடாது. கேட்கப்படாததைச் சொல்லவில்லை என்பதற்காக ஒருவர் மறைத்த குற்றத்திற்கு ஆளாகார். ஆயினும் அந்தத் தகவல் வேறு வழியில் தெரியவந்தால் அதிகாரி அதைத் தகுதி நோக்கில் கருதலாம். வழக்கு இருப்பதே தெரியாதவர் அதை மறைத்தார் என்று கூறுவதற்கு இடமில்லை. வேலை உறுதிசெய்யப்பட்ட பின்னர் இக்காரணத்திற்காக நீக்கவேண்டுமானால் முறையான இலாகா விசாரணை அவசியம். தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு இந்த அளவு பாதுகாப்பு இல்லை என்பதையும் நினைவில் வைத்தல் நலம்.

அபராதம் கட்டினால் தொல்லை விட்டதா?

நம் பக்கத்தில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. சீட்டாட்டம், பொது இடத்தில் கூச்சல், மறியல் முதலிய சிறு வழக்குகளில் நீதிமன்றத்திற்குப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சில நூறு ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வருவது. "தொல்லை விட்டது" என்று சொல்லிக்கொள்வது. ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது சட்டத்தின் கண்ணில் தண்டனை அடைவதே ஆகும். படிக்கும் பிள்ளையின் பெயர் அந்த வழக்கில் இருக்குமானால், ஒரு நாள் தறிக்கூலியை இழக்கக்கூடாதென்று நினைத்து அவனுடைய முப்பது வருஷ உத்தியோகத்தை இடரில் வைக்கிறோம். வழக்குரைஞரைக் கலந்து, வழக்கை எதிர்த்து நடத்துவதா, உயர்நீதிமன்றத்தில் ரத்துச் செய்யக் கோருவதா என்று யோசித்த பின்னரே எதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

விடுதலையிலும் வகை உண்டு. தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் 2003-இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும், குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர். விசாரணைச் சமயத்தில் நிலுவையில் இருந்த வழக்கு பின்னர் கௌரவமான விடுதலையில் முடிந்தாலும், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோரமுடியும். இவ்விதியைச் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008-இல் ஏற்றுக்கொண்டது. ஊர்ச் சமரசத்தில் "சாட்சி சொல்லமாட்டேன்" என்று எதிர்த்தரப்பார் வாக்குக் கொடுப்பதைப் பெரிய உபகாரமாகக் கருதுகிறோமே, போலீஸ் உத்தியோகத்தை நாடும் பையனுக்கு அது அரை உபகாரம்தான். இவ்விதி கடுமையானது என்பதே எம் கருத்து. தீர்ப்பை எழுதும் மாஜிஸ்திரேட் எந்தச் சொல்லைக் கையாளுகிறார் என்பதில் ஓர் இளைஞரின் பிழைப்பு தொங்குவது சரியன்று. ஆயினும் விதி உள்ளவரை அதை அறிந்து நடப்பதே விவேகம். போலீஸ் அல்லாத பிற வேலைகளில் இவ்வளவு கடுமை இல்லை.

போராட்ட வழக்குகளைப்பற்றியும் சொல்லவேண்டும். 2018-இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து நம் உழவர்கள் நின்றபோது வழக்குகள் தொடரப்பட்டன. இப்போராட்டம் உட்படப் பல அறப்போராட்டங்களில் கலந்துகொண்டவர்கள் மீதிருந்த வழக்குகளைத் திரும்பப் பெறுவதாகத் தமிழ்நாடு சர்க்கார் 2021-இல் அறிவித்தது. திரும்பப் பெற்ற வழக்கு ஒருவரைக் குற்றவாளி ஆக்காது. ஆனால் "எப்போதேனும் வழக்குத் தொடரப்பட்டதா?" என்று படிவம் கேட்டால், "ஆம், இன்ன வருஷம், இன்ன எண், திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதுவதே முறை. அதற்குரிய உத்தரவின் நகலைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். தன் நிலத்துக்காகத் தந்தையோடு சாலையில் உட்கார்ந்ததை எழுதுவதற்கு எந்தப் பிள்ளையும் கூச்சப்படவேண்டியதில்லை.

அரசியல் கருத்தையே குற்றமாகக் காட்டி வேலை மறுப்பது செல்லாது என்பது 1983-இலேயே முடிவான விஷயம். மத்தியப் பிரதேசத்தில் ஒரு பள்ளி ஆசிரியர், முன்பு அரசியல் இயக்கங்களில் பங்குகொண்டார் என்னும் ரகசியப் போலீஸ் அறிக்கையின் பேரில் நீக்கப்பட்டார். நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு அதைக் கடுமையாகக் கண்டித்தது. இளமையில் ஒரு கட்சியில் இருந்ததற்காகப் பொது உத்தியோகத்தை மறுத்தால் சாசனம் தரும் உரிமைகளுக்குப் பொருளே இல்லை என்பது அதன் சாரம்.

பிறப்பையே முன்னடத்தையாகக் கொண்ட காலமும் இங்கே இருந்தது. 1871-இல் பிறந்து 1911-இல் சென்னை மாகாணத்துக்கு நீட்டப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிள்ளை தொட்டிலில் இருக்கும்போதே அவனைப் போலீஸ் பதிவேட்டில் சேர்க்க வகைசெய்தது. சென்னை மாகாணத்தில் 1947-இலும் நாடு முழுவதும் 1952-இலும் அது ஒழிந்தது. சீர்மரபினர் பட்டியலில் இன்றும் "சேலம் மேல்நாடு கொறவர்", "சேலம் உப்புக் கொறவர்" என்று நம் ஜில்லாவின் பெயரைத் தாங்கிய சமூகங்கள் இருப்பது அக்காலத்தின் எச்சம். அச்சமூகத்துப் பிள்ளை எவரிடமும் வழக்கு ஏதுமின்றி வெறும் சந்தேகத்தின் பேரில் பாதகமான அறிக்கை எழுதப்பட்டால், அதை எதிர்த்து நிற்பதற்குச் சட்டத்தில் உறுதியான இடம் உண்டு.

18 வயது நிரம்புமுன் நேர்ந்தவற்றுக்கு வேறு நெறி. 2015-ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, சிறாராக இருந்தபோது அடைந்த தண்டனை பிற்கால வேலைக்குத் தகுதியிழப்பு ஆகாது; உரிய காலத்துக்குப் பின் அப்பதிவேடுகளும் அழிக்கப்படவேண்டும். 16 வயதுக்கு மேற்பட்டுக் கொடுங்குற்றம் செய்து பெரியவராகவே விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது.

பெயர்க் குழப்பம்

விசாரணையில் நேரும் தொல்லைகளுள் குற்றத்துக்குச் சற்றும் சம்பந்தமற்ற ஒன்று, பெயர். ஒரே ஊரில் பழனிசாமி மகன் முருகேசன் என்று மூவர் இருப்பது நம்மிடையே சாதாரணம். தலைப்பெழுத்து பள்ளிச் சான்றிதழில் முன்னாலும், ஆதாரில் பின்னாலும், பாஸ்போர்ட்டில் விரிந்து தகப்பனார் பெயராகவும் நிற்கிறது. வெளி மாநிலத்துச் சரிபார்ப்பு நிறுவனம் இதைக் கண்டு இருவேறு ஆட்கள் என்று எழுதிவிடுகிறது. அல்லது வேறொரு முருகேசனின் வழக்கு இவர் தலையில் ஏறிவிடுகிறது. ஆதலின் தேர்வுக்கு விண்ணப்பிக்குமுன்பே பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒத்துப்பார்த்தல் நலம். தம்மீது வழக்கு உண்டா என்ற ஐயமிருப்பவர் தமிழ்நாடு போலீசின் இணையதளத்திலும் நீதிமன்றங்களின் இணையதளத்திலும் தேடலாம். பாலியல் குற்றம் முதலிய மறைவுக்குரிய வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

விசாரணை எத்தனை நாள் நடக்கலாம்?

மேற்கு வங்காளத்தில் ஒருவர் 1985-இல் சர்க்கார் கண் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்தார். அவரைப்பற்றிய போலீஸ் அறிக்கை 2010-இல் போய்ச் சேர்ந்தது; ஏறத்தாழ 25 வருஷம்! அவர் இந்நாட்டுக் குடிமகனா என்பதில் ஐயம் எழுப்பிய அவ்வறிக்கையின் பேரில், ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதமே இருக்கையில் அவர் நீக்கப்பட்டார். 2024 டிசம்பர் 5-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஜே. கே. மகேஸ்வரி, ஆர். மகாதேவன் ஆகிய நீதிபதிகள் அந்நீக்கத்தை ரத்துச் செய்தனர். சர்க்கார் வேலையில் நியமிக்கப்படுபவரின் குணநலன், முன்னடத்தை, குடியுரிமை, ஆவணங்கள் பற்றிய விசாரணையைச் சட்டத்திலோ அரசாணையிலோ குறிப்பிட்ட காலத்துக்குள், எப்படியும் நியமனத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள், முடித்து அறிக்கை அனுப்பவேண்டுமென்று எல்லா மாநிலங்களின் போலீசாருக்கும் உத்தரவிட்டனர். வேலையில் சேர்ந்தும் விசாரணை முடியாமல், உறுதிசெய்யும் உத்தரவுக்காகக் காத்திருக்கும் இளைஞர்கள் இத்தீர்ப்பைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் நினைவூட்டலாம்.

தனியார் நிறுவனங்கள்

ஓசூர், கோயம்புத்தூர், பெங்களூர் ஆகிய இடங்களின் கம்பெனிகள் வேலைக் கடிதம் கொடுத்துவிட்டு, தனி நிறுவனங்களைக்கொண்டு படிப்பு, முந்தைய வேலை, வசிப்பிடம், வழக்கு முதலியவற்றை விசாரிக்கின்றன. இங்கே சர்க்கார் ஊழியருக்குள்ள பாதுகாப்பை எதிர்பார்க்கலாகாது. கடிதத்தைத் திரும்பப் பெற்றுவிட்டால், வேலையையே கொடு என்று நீதிமன்றம் பொதுவாகத் தனியாருக்கு உத்தரவிடுவதில்லை. ஒப்பந்தம் முறிந்ததெனக் காட்டினால் நஷ்ட ஈடு கோரலாம். ஆகவே விசாரணை முடிந்ததென்று எழுத்தில் வருமுன், கையிலுள்ள வேலையை ராஜினாமாச் செய்வது பெரும் இடர். பாதகமான அறிக்கை வந்ததாகச் சொன்னால், அதன் நகலையும் பிழையைத் திருத்த அவகாசத்தையும் கடிதம் மூலம் கேட்கவேண்டும். செய்யாத வேலையைச் செய்ததாக அனுபவச் சான்றிதழ் தயாரித்துக் கொடுப்பவர்களிடம் பணம் கட்டுவது பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. அது பொய்யாவணக் குற்றம்.

விசாரணை என்ற பெயரால் எதை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் இருந்த ஒரு பெண், தம் மாதவிடாய், கருப்பம் பற்றிய கேள்விகளுக்குச் சரியாக விடையளிக்கவில்லை என்று நீக்கப்பட்டார். அவரை மீண்டும் வேலையில் சேர்க்கும்படி உச்ச நீதிமன்றம் 1991-இல் உத்தரவிட்டதோடு, பெண்களின் மானத்தைப் பாதிக்கும் அக்கேள்விகளைப் படிவத்திலிருந்தே நீக்குமாறும் கூறியது. எச்.ஐ.வி. சோதனையை வேலைக்கு முன்நிபந்தனையாக்குவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் தடைசெய்கிறது. லாரித் தொழிலால் பெயர் பெற்ற நாமக்கல், ஒரு காலத்தில் அந்நோயின் பரவலாலும் பேசப்பட்டது. இங்குள்ள டிரைவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இச்சட்டத்தைத் தெரிந்துவைத்திருத்தல் முக்கியம்.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விட்டுப் போகாமல் பிடித்து வைப்பது இன்னொரு தவறான வழக்கம். சரிபார்ப்பதற்காக அசலைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவது வேறு. அடகுபோல் வைத்துக்கொள்வது வேறு. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு முறைக்குமேல் எடுத்துக்காட்டியிருக்கிறது. கொடுக்க நேர்ந்தால் தேதியிட்ட ரசீது வாங்காமல் கொடுத்தல் கூடாது.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், எழுத்து மூலமான நியமனக் கடிதம் தருவதை நிர்வாகத்தின் கடமையாக்கியுள்ளன. விசாரணை பாதகமாக முடிந்து வேலையிலிருந்து நீக்கப்பட்டாலும், உழைத்த நாட்களின் கூலி உழைத்தவருடையது. நீக்கிய இரண்டு வேலை நாட்களுக்குள் அதைக் கொடுத்துத் தீர்க்கவேண்டுமென்று ஊதியச் சட்டத் தொகுப்பு விதிக்கிறது.

நம் சங்கங்களே முதலாளியாகும்போது

கூட்டுறவுச் சங்கங்களும் எழுத்தர், விற்பனையாளர் முதலியோரை வேலைக்கு வைக்கின்றன. அங்கே குறை நேர்ந்தால் எங்கே போவது? இதற்கு விடை நம் மண்ணிலிருந்தே சென்ற வழக்கொன்றில் கிடைத்தது. நாமக்கல் சரகக் கூட்டுறவுத் துணைப்பதிவாளரை எதிர்மனுதாரராகக்கொண்ட வழக்கில், 2006-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு இதைத் தீர்மானித்தது. சர்க்காரின் ஓர் அங்கம் என்று சொல்லத்தக்க சங்கமாயின் ரிட் மனு செல்லும். அவ்வாறல்லாத சங்கத்தின்மீது, துணைவிதிகளிலுள்ள வேலை நிபந்தனைகளை அமல்செய்ய ரிட் மனு செல்லாது; சட்டம் விதித்த பொதுக் கடமையை மீறினால் மட்டும் செல்லும். பெரும்பாலான நெசவாளர் சங்கங்கள் இரண்டாம் வகையின. ஆயினும் 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 153-ஆம் பிரிவில் சீராய்வு மனு கொடுக்கும் வழி இருக்கிறது.

நிர்வாகக் குழுவினருக்கும் ஒரு வார்த்தை. சங்கத்தின் நமூனாவில் "உமது நடத்தை எப்படி?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டுவிட்டுப் பிறகு மறைத்தார் என்று குற்றம் சாட்டினால் அது நிற்காது. கேள்வி தெளிவாக இருக்கட்டும்; ஒருவரை நீக்குமுன் காரணத்தைச் சொல்லி, அவர் பதிலைக் கேட்டு, அப்பதிலைப் படித்ததாக உத்தரவில் தெரியும்படி எழுதட்டும்.

ரத்து உத்தரவு வந்துவிட்டால்

சர்க்கார் வேலைக்கான நியமனத்தை ரத்துச் செய்யும் உத்தரவு வந்தால், முதலில் அது வந்த தேதியைக் குறித்து, உறையையும் பத்திரப்படுத்தவேண்டும். உத்தரவில் காரணம் சொல்லப்பட்டுள்ளதா, விளக்கம் கேட்கப்பட்டதா, எந்தக் கேள்விக்குத் தந்த விடை பொய் என்று கூறப்படுகிறது என்பவற்றைப் பார்க்கவேண்டும். தாம் கொடுத்த படிவத்தின் நகல் கையில் இல்லையென்றால், 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதையும் போலீஸ் அறிக்கையையும் கேட்டு மனுப்போடலாம். வழக்கின் தீர்ப்பு நகலை நீதிமன்றத்தில் பெற்று, அவதார் சிங் தீர்ப்பின் நெறிப்படி அதிகாரி பரிசீலிக்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டி முறையீடு அனுப்பவேண்டும். அதிகாரி வயது, குற்றத்தின் தன்மை, விடுதலையின் தன்மை ஆகியவற்றை எண்ணிப் பாராமல் இயந்திரம்போல் ரத்துச் செய்திருந்தால், உயர்நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 226-ஆம் விதியின் கீழ் அவ்வுத்தரவை நீக்கி மறுபரிசீலனைக்கு அனுப்பும். மத்திய சர்க்கார் வேலைகளுள் பெரும்பாலானவற்றுக்கு முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடவேண்டும். அங்கே ஒரு வருஷக் கெடு உண்டு.

வழக்குரைஞருக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு, 1987-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு சேலத்திலும் நாமக்கல்லிலும் நீதிமன்ற வளாகத்திலேயே இயங்குகிறது. பெண்களும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினரும் வருமானக் கணக்கின்றியே இலவச உதவி பெறலாம். வருமானத்தைக் காட்டி உதவி கோருபவர்கள் வருமானச் சான்றுடன் செல்லவேண்டும். போகும்போது நியமன உத்தரவு, படிவத்தின் நகல், வழக்குத் தீர்ப்பு, ரத்து உத்தரவு ஆகிய நான்கையும் எடுத்துச் செல்லுதல் அவசியம்.